பதினான்காம் படம்

ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். உங்கள் முதுகு வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்கிறாரா, இல்லை வழக்கம்போலத் தலையணைக்கு அடியில் சேமித்து வைக்கிறாரா?

எனக்கு மூன்றாம் மாடியில் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். ஒன்றும் பார்க்க இல்லாததால் படிப்பு ஓடும் என்று நம்புகிறேன்.

இந்த வருஷம் எங்களுக்குப் புத்தகமே கிடையாது. சுத்தமாகத் தெரியாத ஒரு மொழியை, அதைப் பேசுகிறவர் எதிரில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். வருஷ முடிவில் அதற்கு ஒரு சின்ன அகராதியும் இலக்கணமும் செய்து தர வேண்டும். எனக்கு வந்திருப்பது, வேலை தேடி இந்த ஊருக்கு இறங்கி வந்த ஏழெட்டுக் குடும்பங்கள் மட்டும் பேசுகிற மொழி. அதற்கு எழுத்தே இல்லை. எனக்குச் சொல்லித் தருகிறவர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறார். ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருவார். கையில் துணி இல்லாவிட்டால் அவருக்குப் பேச வராது. என் துண்டை எடுத்து மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டே வார்த்தைகளைச் சொல்கிறார். நான் அவரை மடிப்பக்கா என்று கூப்பிடுகிறேன்.

முதல் நாளே சொதப்பினேன். "நான் நாயை அடித்தேன்" என்பதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். "நான் எதுக்கு நாயை அடிக்கணும்? அது என்ன செஞ்சுது?" என்று கேட்டார். சும்மா ஒரு பேச்சுக்கு என்றேன். "சும்மா ஒரு பேச்சுக்குப் பொய் சொல்லச் சொல்றியா?" என்று துண்டைக் கீழே வைத்துவிட்டார்.

அண்ணா, அடுத்த மாதம் வந்தால் அம்மா போய் ஒரு வருஷம். நான் இந்தப் படிப்புக்கான நுழைவுத் தேர்வில் இருந்தேன். வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "தூக்கத்திலேயே போய்விட்டாள்" என்று ஒரே ஒரு வரி சொன்னீர்கள். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள். கடைசி நாட்களில் அம்மா என்ன பேசினாள், என்னைக் கேட்டாளா, எல்லாவற்றையும் எழுதுங்கள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி.

உங்கள்
கேள்விமூட்டை


ஜூலை 3, காலை 6.40, பம்ப் அறை
தொட்டியில் பதினோரு அடி

அன்புள்ள கேள்விமூட்டைக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான், அப்பா, இரண்டாம் நம்பர் மோட்டார். மூன்றாம் நம்பர் மோட்டாருக்கு மட்டும் உடம்பு சரியில்லை. தினமும் அதைத் தட்டிக்கொடுத்து எழுப்ப வேண்டியிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு. போன தடவை வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

அப்பாவின் மாத்திரை இப்போது தலையணைக்கு அடியில் இல்லை. செருப்புக்குள் இருக்கிறது. நான் கண்டுபிடித்துவிட்டது அவருக்குத் தெரியாது, சொல்லிவிடாதே. முழங்கால் வலியைத் தவிர அவருக்குக் குறை இல்லை.

நாய் விஷயத்தை வாசித்துக் காட்டினேன். அப்பா ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அந்தம்மா பக்கம்தான் நியாயம்" என்றார். உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை மட்டும் அவருக்கு வாசிக்கவில்லை.

நம் தெருவில் குழாய் மாற்றுகிறார்கள். வாசலில் பள்ளம் தோண்டி, பலகை போட்டிருக்கிறார்கள். அப்பா அதில் நடக்கப் பயந்து உள்ளேயே இருக்கிறார். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றுகிறவன் வீட்டில் நான்கு நாட்களாகத் தண்ணீர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்லித் தினமும் சிரிக்கிறார்.

நீ கேட்டது பற்றி: அம்மா கஷ்டப்படவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள். எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஏழு மணிக்கு வால்வு திருப்ப வேண்டும், நிறுத்துகிறேன்.

அண்ணன்


ஜூலை 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் சளி, மற்றபடி நலம். கழுத்தெலும்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்பா பலகையில் கால் வைக்க வேண்டாம், உள்ளேயே இருக்கட்டும்.

சீட்டுக்கு ஒரு வார்த்தையாக எழுதி, பழைய செருப்பு டப்பாக்களில் அடுக்குகிறேன். முந்நூற்று இருபது சேர்ந்திருக்கிறது. கை, கால், மழை, உப்பு, விளக்கு எல்லாம் என்னால் சொல்ல முடியும். ஆனால் பேச முடியாது. மடிப்பக்கா நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறார். அவர் மொழியில் ஒரு ஆள் இன்னொரு ஆளை எப்படிக் கேள்வி கேட்பார் என்பதுகூட எனக்கு இன்னும் தெரியவில்லை. "கேளுங்கள்" என்றால், "உன்கிட்ட எனக்கு என்ன கேக்கறதுக்கு இருக்கு?" என்கிறார்.

பேராசிரியர் நான் பதிவு செய்த டேப்புகளைப் போட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரே ஆள் சொல்றது வார்த்தைப் பட்டியல்தாம்மா. ரெண்டு பேர் பேசிக்கணும். அது இல்லாம நீ எழுதறது இலக்கணமே இல்ல."

இரண்டாவது ஆளுக்கு எங்கே போவேன்? மற்ற குடும்பங்கள் மைக்கைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறார்கள். கடைசியில் தெரிந்தது, மடிப்பக்காவுக்குச் சொந்தத் தங்கையே நான்கு தெரு தள்ளி இருக்கிறார். புட்டி கழுவும் ஆலையில் வேலை. சாதுவான பெண், முப்பது வயது இருக்கும். சின்னக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் வருகிறேன் என்றார். ஆனால் அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருஷம் ஆகிறதாம். அதே சமயம் ஒருவர் வீட்டு வாசலில் மற்றவர் சோப்பு, விறகு, கிழியாத பழைய சட்டை என்று எதையாவது வைத்துவிட்டுப் போகிறார். இவர் எடுத்துக்கொள்கிறார். பேச்சு மட்டும் கிடையாது. இப்படியும் ஒரு சண்டை உண்டா?

நீங்களும் அப்படித்தான் அண்ணா. பக்கம் பக்கமாக மோட்டாரைப் பற்றி எழுதுகிறீர்கள், அம்மாவைப் பற்றி ஒரு வரி. எனக்கு அந்த வரி போதாது. நான் அங்கே இல்லை. நீங்கள் சொன்னால்தான் எனக்கு அம்மாவின் கடைசி நாள் என்று ஒன்று இருக்கும்.

உங்கள்
கேள்விமூட்டை


ஆகஸ்ட் 9, மாலை 5.10, பம்ப் அறை
தொட்டியில் ஒன்பதரை அடி

அன்புள்ள தங்கைக்கு,

சளிக்கு ஆவி பிடி. சும்மா மாத்திரையை விழுங்கிக்கொண்டு இருக்காதே. நான் நலம். அப்பாவும் அப்படியே. பள்ளத்தை மூடிவிட்டார்கள். மூடிய மறுநாள் வேறு துறைக்காரர்கள் வந்து அதே இடத்தில் தோண்டினார்கள்.

அந்த அக்கா தங்கை விஷயத்தில் கொஞ்சம் பார்த்துப் போ. ஆறு வருஷம் பேசாமல் இருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இருக்காது. நம் பம்ப் அறையில் ஒரு வால்வு உண்டு. எனக்கு முன்னால் இருந்தவர் அதில் கம்பி சுற்றிவிட்டுப் போனார். ஏன் என்று தெரியாது. நான் அதைத் தொடுவதில்லை. உனக்கு மார்க் முக்கியம்தான். ஆனாலும் யோசி.

நீ கேட்பதெல்லாம் எழுதுகிற விஷயம் இல்லை. வரும்போது பார்க்கலாம்.

அப்பா உன்னை விசாரித்தார். புதிதாக ஒரு போர்வை வாங்கியிருக்கிறோம், குளிர் வருவதற்குள் அனுப்புகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

சளி போய்விட்டது. எனக்கு இன்று காலே தரையில் பாவவில்லை. உங்கள் முதுகை அப்புறம் விசாரிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இருவரும் பேசிவிட்டார்கள்.

நான் செய்தது கொஞ்சம் திருட்டுத்தனம்தான். எங்கள் துறையில் ஒரு பயிற்சி உண்டு. மேஜைக்கு நடுவில் அட்டையை நிறுத்தி மறைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொருவரை உட்கார வைப்பது. இருவர் கையிலும் ஒரே மாதிரிப் படங்கள். ஒருவர் ஒரு படத்தை எடுத்து அதில் இருப்பதைச் சொல்ல வேண்டும். மற்றவர் கேட்டுவிட்டுத் தன் கட்டிலிருந்து அதே படத்தை எடுக்க வேண்டும். சில படங்களுக்குள் வித்தியாசம் மயிரிழைதான் இருக்கும். அதனால் கேள்வி கேட்காமல் முடியாது. சின்னக்காவை இரண்டரைக்கு வரச் சொல்லி, "அந்தப் பக்கம் ஒருத்தர் உக்காருவாங்க, படத்தைப் பத்தி மட்டும் பேசினாப் போதும்" என்றேன். மூன்று மணிக்கு மடிப்பக்காவிடமும் அதையே சொன்னேன். யார் என்று இருவருக்கும் சொல்லவில்லை.

முதல் வார்த்தையிலேயே குரல் தெரிந்துவிட்டது. சின்னக்கா எழுந்து நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார். மரம், ஆடு, குடத்தோடு நிற்கும் ஆள் என்று ஒவ்வொரு படமாகப் போனது. பதினான்காம் படத்தில் ஒரு குழந்தை பாயில் படுத்திருக்கும். கதவருகில் ஒரு பெண் நிற்பாள். பதினைந்தாம் படமும் அதேதான், அவள் நிற்கிற திசை மட்டும் வேறு. அங்கே சின்னக்கா ஒரு கேள்வி கேட்டார். மடிப்பக்கா பதில் சொன்னார். அப்புறம் அடுத்த கேள்வி, அடுத்த பதில். படங்களை விட்டுவிட்டார்கள். குரலை உயர்த்தவே இல்லை. குழந்தை, கதவு, தூக்கம் என்று நாலைந்து வார்த்தைகள்தான் எனக்குப் பிடிபட்டன. இருபது நிமிஷம் அண்ணா. ஆறு வருஷத்துக்குப் பிறகு இருபது நிமிஷம். மடிப்பக்கா மேஜைத் துணியை உருவி நான்காக மடித்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் நான் சின்னக்காவிடம் அவர் கேட்ட மூன்றாவது கேள்வியை இன்னொரு முறை, மெதுவாக, மைக்கைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன். எங்கள் வழக்கப்படி மூன்று தடவை. சொன்னார். பேராசிரியர் அதைக் கேட்டுவிட்டு, "இந்த மாதிரி ஒரு நிஜமான கேள்வி இந்த வகுப்புல யாருக்கும் கிடைக்கல" என்றார்.

ஒரு அட்டைதான் தேவைப்பட்டது. பேசாமல் வைத்திருப்பதால் யாருக்கு என்ன லாபம்? நீங்களும் சொல்லிவிடுங்கள் அண்ணா. என்னவாக இருந்தாலும் நான் தாங்கிக்கொள்வேன். சொல்லிவிட்டால் உங்களுக்கும் பாரம் குறையும். இனி வேறு எதுவும் எழுதாதீர்கள், இதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
கேள்விமூட்டை


செப்டம்பர் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, பதில் இல்லை. அப்பாவுக்கு ஒன்றும் இல்லையே? என் மேல் கோபமா? வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று நான் சொன்னது அதிகப்பிரசங்கித்தனம்தான். மோட்டாரைப் பற்றியாவது எழுதுங்கள்.

இங்கே இருவருமே வருவதில்லை. சின்னக்கா ஆலைக்கும் போவதில்லை என்கிறார்கள். வீடு உள்ளே தாழிட்டிருக்கிறது. மடிப்பக்கா என்னைக் கண்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். உதவிக்கு ஆள் இல்லாமல் அந்த இருபது நிமிஷ டேப்பை நானே சீட்டுகளை வைத்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு அரை நிமிஷம் நகர்ந்தால் அதிகம்.

போர்வை வந்தது. கதகதப்பாக இருக்கிறது.

உங்கள் தங்கை


அக்டோபர் 14, காலை 6.15, பம்ப் அறை
தொட்டியில் ஏழு அடி

அன்புள்ள தங்கைக்கு,

கோபம் எல்லாம் இல்லை. அப்பாவுக்கு நாலு நாள் காய்ச்சல், இப்போது எழுந்து உட்காருகிறார். எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. ஷிப்ட் மாறி மாறி வருவதால் இருக்கும்.

உன் ஆகஸ்ட் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். பாரம் குறையும் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் பல தடவை படித்தேன். நீ கேட்டதை எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். கொஞ்சம் பொறு, எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


நவம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? நீங்கள் தூங்குகிறீர்களா?

டேப்பைப் பெயர்த்து முடித்துவிட்டேன். உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. பதினான்காம் படத்திலிருந்து அப்படியே எழுதுகிறேன்.

மடிப்பக்கா: பாயில் ஒரு குழந்தை. கதவு பக்கம் ஒரு பொம்பளை.
சின்னக்கா: குழந்தை தூங்குதா?
(டேப்பில் ஐம்பது விநாடி ஒன்றும் இல்லை. துணி சரசரக்கிறது.)
மடிப்பக்கா: இல்ல. முழிச்சிருக்கான்.
சின்னக்கா: அந்தப் பொம்பளை நீயா?
மடிப்பக்கா: நான்தான்.
சின்னக்கா: நீ உள்ள வர்றியா, வெளில போறியா?
மடிப்பக்கா: வெளில போறேன். பூட்டிட்டு வேலைக்குப் போறேன்.

சின்னக்காவுக்கு ஒரு மகன் இருந்திருக்கிறான். மூன்று வயது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவர் வெளியூரில் கூலி வேலைக்குப் போயிருந்தபோது பையனை அக்காவிடம் விட்டிருந்தார். காய்ச்சல். தன் மடியிலேயே தூங்கித் தூக்கத்திலேயே போய்விட்டான் என்று அக்கா சொல்லியிருக்கிறார், ஊரும் அதையே சொல்லியிருக்கிறது. நிஜத்தில் அன்று லீவு கேட்டால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அக்கா சலவைக்கூடத்துக்குப் போயிருக்கிறார். அவன் முழித்துக்கொண்டு பார்த்திருந்தானாம். மத்தியானம் வந்து திறந்தபோது உயிர் இல்லை. இதெல்லாம் அந்த இருபது நிமிஷத்தில் இருக்கிறது.

டேப்பின் கடைசியில் என் குரல் வருகிறது அண்ணா. "ரொம்ப நல்லா வந்துது. அந்தக் கேள்வியை மட்டும் இன்னொரு தடவை, மெதுவா." சின்னக்கா சொல்கிறார். நீ உள்ள வர்றியா, வெளில போறியா. "இன்னொரு தடவை." மூன்றாவது முறை குரல் பிசிறுகிறது. நான் "பரவால்ல, இது போதும்" என்கிறேன்.

நேற்று சலவைக்கூடத்துக்குப் போனேன். மடிப்பக்கா இந்த முறை ஓடவில்லை. போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். இருவரும் மடித்தோம். "ஏன் அன்னிக்குப் பதில் சொன்னீங்க?" என்று கேட்டேன். "அவ கேட்டாளே. கேட்டப்புறம் பொய் சொல்லக் கூடாதும்மா. அதனாலதான் எங்க ஆளுங்க கேக்க மாட்டோம். ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு சாவு இருந்தா, பேசறதை நிறுத்திருவோம். அது சண்டை இல்ல. அவ கேக்கல, நான் சொல்லல. அவ பிள்ளை தூங்கிட்டுத்தான் போனான். ஆறு வருஷமா அப்படித்தான் இருந்துது." அடுத்த போர்வையை எடுத்தார். என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரும் வழியில் சின்னக்கா வீட்டைப் பார்த்தேன், இப்போது வெளியே பூட்டு தொங்குகிறது. வாசலில் நான்கு சோப்புக் கட்டிகள் வரிசையாக இருக்கின்றன. எடுக்க ஆள் இல்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜூனிலிருந்து எத்தனையோ ஆயிரம் கேள்வி கேட்டேன். ஏன் பேசுவதில்லை என்று மட்டும் அவர்களிடம் நான் கேட்கவே இல்லை. சண்டை என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அண்ணா, நான் ஆகஸ்டில் எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். அம்மாவைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். அவள் தூக்கத்தில் போனாள். அப்படியே இருக்கட்டும். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், எழுதாதீர்கள்.

உங்கள் தங்கை


நவம்பர் 8, மதியம் 2.30, பம்ப் அறை
தொட்டியில் எட்டே கால் அடி

அன்புள்ள கேள்விமூட்டைக்கு,

அப்பா நலம். உனக்கு எப்படி இருக்கிறது?

நான்காவது முறையாக உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை முடித்துவிடுவேன். நீ சொன்னது சரி. பேசாமல் வைத்திருப்பதில் லாபம் இல்லை. அந்த இரண்டு பேரால் ஆறு வருஷத்துக்குப் பிறகு முடிந்தது என்றால் என்னாலும் முடிய வேண்டும்.

அம்மா தூக்கத்தில் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். புதன் காலை டாக்டர், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அம்மாவுக்கு நல்ல நினைவு இருந்தது. "அவளை வரச் சொல்லுடா" என்றாள். உனக்கு வெள்ளியும் சனியும் பரீட்சை. நான் பத்து இருபதுக்குத் தந்தி ஆபீஸுக்குப் போனேன். தந்திப் பாரத்தை நிரப்பினேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். அந்த இரண்டு பேர் நகர்வதற்குள் யோசித்துவிட்டேன். நீ வந்தால் ஒரு வருஷம் போகும். அம்மா எப்படியும் ஞாயிறு வரை தாங்குவாள். சனிக்கிழமை தந்தி கொடுத்துக்கொள்ளலாம். பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

"சொல்லிட்டியா?" என்றாள். "சொல்லிட்டேன்மா, வந்துகிட்டிருக்கா" என்றேன்.

வியாழக்கிழமை முழுக்க, எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் பழுதாகி நின்றுவிட்டது என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை தலையைப் பின்னிவிடச் சொன்னாள், நீ பார்த்தால் பயந்துபோவாய் என்று. எனக்குப் பின்னத் தெரியவில்லை, நர்ஸ் பின்னிவிட்டாள். சனிக்கிழமை காலை பதினொன்று இருபது. முழித்துத்தான் இருந்தாள். கடைசியாக என்னைப் பார்த்து, "நீ சொல்லவே இல்லல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள்.

அப்பாவுக்கும் தெரியாது. தந்தி உனக்குத் தாமதமாகக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எழுதிவிட்டேன். நெஞ்சு லேசாக இருக்கிறது. பதினாறு மாதத்தில் முதல் முறை. நீ மட்டும் விடாமல் கேட்டிருக்காவிட்டால் நான் இதோடேயே போயிருப்பேன். நீயும் லேசாக இரு. திட்ட வேண்டும் என்றால் திட்டு.

அண்ணன்


நவம்பர் 21
(தபாலில் சேர்க்காதது)

அண்ணா,

மூன்று நாள் இருந்தது. பஸ் பதினான்கு மணி நேரம்தான். புதன் சாயங்காலம் ஏறியிருந்தால் வியாழன் காலையில் அம்மா தலையை நானே பின்னியிருப்பேன். ஒரு வருஷம் போனால் போகட்டும் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? என் அம்மாவை நான் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

எதற்காக? இந்தப் படிப்புக்காகவா? இந்தப் படிப்பில் நான் செய்தது, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அந்தக் கேள்வியை மூன்று தடவை சொல்லச் சொன்னதுதான்.

உங்களை மன்னிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் நெஞ்சு லேசானது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை என்னால் படிக்கவே முடியவில்லை. நானேதான் கேட்டேன். கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.


நவம்பர் 23

அன்புள்ள தங்கைக்கு,

நலமா? நீ ஆறாம் தேதி எழுதிய கடிதம் நேற்று கிடைத்தது. நானும் எட்டாம் தேதி ஒன்று எழுதியிருந்தேன். வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

என் கடிதம் உனக்கு வந்திருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அன்று எனக்கு நல்ல காய்ச்சல். நாள், கிழமை எல்லாம் குழம்பி என்னவோ எழுதிவிட்டேன். தந்தி ஆபீஸ் விஷயம் வேலையிடத்தில் ஒருவர் வீட்டில் நடந்தது. அதையும் இதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன் போல. நீ விடாமல் கேட்டதால் ஏதாவது எழுத வேண்டும் என்று ஆகிவிட்டது.

முதலில் சொன்னதுதான் சரி. அம்மா தூக்கத்தில்தான் போனாள். நான் பக்கத்தில் இருந்தேன், எனக்குத் தெரியாதா?

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


டிசம்பர் 7

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உங்கள் காய்ச்சல் போய்விட்டதா? அப்பாவின் முழங்காலுக்குக் குளிரில் கம்பளித் துணியைச் சுற்றிவிடுங்கள். மாத்திரை இப்போது எங்கே ஒளிந்திருக்கிறது?

அந்த டேப்பைத் துறையில் கொடுக்கவில்லை. மடிப்பக்காவிடம் கொடுத்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கேள்வி வாக்கியங்கள் பற்றிய அத்தியாயம் இல்லாமல் இலக்கணத்தை முடித்திருக்கிறேன். பேராசிரியர் மார்க்கைக் குறைத்துவிட்டார். சின்னக்கா பற்றி இன்னும் தகவல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் பக்கத்து ஊர்களுக்குப் போய், புட்டி ஆலை எங்கே இருக்கிறது என்று விசாரித்துப் பார்க்கிறேன்.

இருபதாம் தேதி லீவு விடுகிறார்கள், அன்றே கிளம்பிவிடுவேன். பத்து நாள் இருப்பேன். நீங்கள் பம்ப் அறைக்குப் போகும் நேரத்தில் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், கொஞ்சம் தூங்குங்கள்.

எட்டாம் தேதி ஏதோ எழுதியதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கடிதம் எனக்கு வரவில்லை. இங்கே பத்து நாள் அடைமழை, தபால் பையே நனைந்துபோனதாகச் சொன்னார்கள், அதில் போயிருக்கும். திரும்ப எழுத வேண்டாம் அண்ணா. அம்மா தூக்கத்தில் போனாள் என்று எனக்குத்தான் முன்னமே தெரியுமே.

உங்கள் தங்கை